நோக்கியா என்810: ஹாட்ஸ்பாட் தெரியலைன்னு கேட்டவருக்கு

வணக்கமுங்க. கோபியில உங்க மாமா பீரோவுல இருந்து எடுத்த நோக்கியா என்810 டேப்லெட்ல, உங்க போன் ஹாட்ஸ்பாட் பேரே வரலைன்னு எழுதியிருந்தீங்க. டேப்லெட் கெட்டுப்போகலீங்க. அது 2007-ல வந்தது. சிம் போட இடமே கிடையாது, ஹாட்ஸ்பாட்டை வைஃபை வழியாத்தான் பிடிக்கும். அதுவும் வைஃபைல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுந்தான் அதுக்குத் தெரியும். உங்க போன் 5 ஜிகாஹெர்ட்ஸ்ல விட்டுட்டிருக்கும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல 2.4-க்கு மாத்தி, பாதுகாப்பை டபிள்யூபிஏ2-ன்னு வைங்க, டபிள்யூபிஏ3 ஆகாது. பேரு உடனே வந்துரும்.

அதுக்கு முன்னாடி பேட்டரியப் பாருங்க, இது ரொம்ப முக்கியமுங்க. கழட்டி மேசை மேல படுக்கப் போட்டு ஒரு சுண்டு சுண்டுங்க. பம்பரமாட்டம் சுத்துச்சுன்னா வயிறு வீங்கிருச்சுன்னு அர்த்தம். சார்ஜே போடாதீங்க, குத்தவும் வேண்டாம். அதுக்கு பிபி-4எல் பேட்டரிங்க, நோக்கியா இ71 போன்ல இருந்த அதேதான். ஈரோட்டுல பழைய செல்போன் கடைகள்ல கேட்டுப் பாருங்க. சார்ஜர் சின்ன ஊசி முனை நோக்கியா சார்ஜர். யூஎஸ்பி ஓட்டையில சொருகுனா ஏறாது.

நெட் கிடைச்சாலும் பாதி தளம் திறக்காதுங்க. இன்னைக்குக் கேக்கற பாதுகாப்பு முறை அந்தப் பழைய உலாவிக்குத் தெரியாது. பேங்க் வேலை எதுவும் அதுல வெச்சுக்காதீங்க.

ஆனா தூக்கிப் போட்டுராதீங்க. அந்தத் திரை வெயில்லயும் தெரியும். மஞ்சக்காட்டுல தண்ணி பாயறப்ப வரப்புல உக்காந்து நான் புத்தகம் படிச்சதெல்லாம் அதுலதான். எஃப்பிரீடர்ங்கற புத்தகம் படிக்கற செயலி இருக்குதான்னு பாருங்க. கீபோர்டை இழுத்தா அந்த ‘டக்’ சத்தம் இன்னும் வருதுங்களா?