மாநாட்டுக்குப் போகும் ஊரில் ஒரு காலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் மூன்று நாள் அலுவலக மாநாட்டுக்காக அகமதாபாத் செல்கிறேன். அமர்வுகள் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை வரை நீளும். சென்ற ஆண்டு இப்படித்தான் ஜெய்ப்பூர் சென்றபோது, கடைசி நாளில் வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஏழு இடங்களைப் பார்த்தேன். எதை எங்கே பார்த்தேன் என்று இன்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கிடைக்கும் சிறிது நேரத்தில் ஒரு பழைய நகரத்தை எப்படிப் பார்ப்பது?

க., கோவை

அன்புள்ள க.,

ஒரே ஒரு காலையை ஒதுக்கி, ஒரே ஒரு வழியை நடந்து பாருங்கள். சபர்மதி ஆசிரமத்தையும் அடாலஜ் படிக்கிணற்றையும் இம்முறை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லைதான். ஆனால் அவை ஒவ்வொன்றும் அரைநாள் கேட்பவை.

காலை ஆறரைக்குள் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலுக்குச் சென்றுவிடுங்கள். 1822இல் எழுந்த அந்தக் கோயிலின் மரச்சிற்பங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சந்துகள் வழியாக ஜாமா மசூதி வரை நடக்க வேண்டும். பழைய நகரைச் சுற்றிக்காட்ட மாநகராட்சி 1997 முதல் நடத்திவரும் மரபு நடைப்பயணத்தின் பாதையும் ஏறக்குறைய இதுவே. நீங்கள் அமர்வுக்குத் திரும்ப வேண்டியவர் என்பதால் தனியாக, முன்னதாகவே கிளம்புவது நல்லது.

வழியெங்கும் போள்கள் வரும். போள் என்பது ஒரே வாயிலுக்குள் அடங்கிய குடியிருப்பு. உறவோ தொழிலோ சமயமோ ஒன்றான குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்து, இரவில் அந்த வாயிலைச் சாத்திக்கொண்ட தெருக்கள் அவை. 2017இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை, இந்தியாவின் முதல் உலக மரபு நகரமாக அறிவித்ததற்கு மசூதிகளும் கல்லறைகளும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்தப் போள்களும் காரணம். சந்திப்புகளில், செதுக்கிய தூணின் உச்சியில் கூடுபோல நிற்கும் சபூத்ரோவைக் காண்பீர்கள். மரம் நிற்க இடமில்லாத நெருக்கத்தில் பறவைகளுக்கு இரை வைப்பதற்கென்றே கட்டப்பட்டது அது.

ஆனால் என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கருத்தரங்குக்காகவே அங்கே சென்றிருந்தேன். ஒரு போளில் வழி கேட்டு நின்றபோது, அந்த வீட்டின் மூதாட்டி என்னை உள்ளே அழைத்து, முற்றத்துத் தரையில் பதிந்திருந்த ஒரு மூடியைத் திறந்து காட்டினார். கீழே, முற்றத்தின் அடியில், ஓர் அறை அளவுக்கு இருள், அதில் தண்ணீர். அதை டாங்கா என்கிறார்கள். மழைக்காலத்தின் முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரைக் குழாய் வழியே இந்தத் தொட்டிக்குள் இறக்கி, வெளிச்சம் படாமல் காத்து, ஆண்டு முழுவதும் குடித்திருக்கிறார்கள். 45 பாகை வெயில் காயும் ஊரில், ஆற்றை மட்டும் நம்பாமல் இப்படிப் பல வீடுகள் தம் மழையைத் தாமே சேர்த்துவைத்தன. அதைக் கண்ட பிறகு அந்த முற்றமும் சாய்ந்த கூரையும் எனக்கு வேறாகத் தெரிந்தன. அழகுக்காக என்று நான் நினைத்திருந்தவற்றில் பாதி, தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும் அமைந்தவை.

ஜாமா மசூதியில் கால்மணி நேரமாவது உட்காருங்கள். 1411இல் நகரை நிறுவிய அகமது ஷா 1424இல் கட்டி முடித்தது. நடுவாயிலின் இருபுறமும் நிற்கும் கட்டைத் தூண்கள், 1819 நிலநடுக்கத்தில் விழுந்த மினார்களின் அடிப்பகுதிகள். அதன் கிழக்கே அகமது ஷாவின் கல்லறை. சற்றுத் தள்ளி அரசியரின் கல்லறை, அதைச் சுற்றிலும் துணிக்கடைகள். எட்டரைக்கு ஆட்டோ பிடித்தால் அமர்வுக்குச் சென்றுவிடலாம்.

அன்றிரவே, களைப்பாக இருந்தாலும், பக்கத்தில் உள்ள மாணெக் சௌக்குக்கு மீண்டும் வாருங்கள். காலையில் காய்கறி விற்ற சதுக்கம், பகலில் தங்கம் வெள்ளி வணிகம் நடந்து, நகைக்கடைகள் அடைத்த பின் அவற்றின் வாசலிலேயே அடுப்பு மூட்டி உணவுச் சந்தையாகிவிடும். ஒரே இடத்தை ஒரே நாளில் இருமுறை பார்ப்பது ஏழு இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட நெடுநாள் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம்.

யாரேனும் டாங்காவைத் திறந்து காட்டினால், அதில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.