மூட்டையில் நடு எண் என்ன? – வாசகர் கேள்வி பதில்

சேலத்தில் கோடை மழை இரண்டு முறை பெய்துவிட்டது. அதனால் இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை புல்தரையையும் உரத்தையும் பற்றியே வந்திருக்கின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் பினெலஸ் கவுண்டியில் குடியிருக்கிறாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே புல்தரைக்கு உரம் போடக் கூடாதாம், கடைகளும் விற்கக் கூடாதாம். நம் ஊரில் அப்படி விதி உண்டா? எங்கள் வீட்டு முன்புறப் புல்லுக்கு எந்த உரம் வாங்கலாம்?
– இல்லத்தரசி, அழகாபுரம்

பதில்: மகள் சொன்னது சரிதான். அந்த நான்கு மாதங்கள் அங்கே மழைக்காலம். தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) உள்ள உரத்தை அப்போது புல்லுக்குப் போட்டால், மழை அதை அப்படியே வாரிக்கொண்டு போய்க் கழிமுகத்தில் சேர்த்துவிடும். தண்ணீரில் பாசி பெருகும், மீன் சாகும். அதற்காகத்தான் தடை. ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே மணிச்சத்துள்ள உரத்தைப் புல்தரைக்குப் போடுவதையே 2005 முதல் மாநிலம் முழுவதும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். புதிதாகப் புல் பதிப்பவர்களுக்கும், மண் பரிசோதனையில் குறை தெரிந்தவர்களுக்கும் விலக்கு உண்டு.

நம் ஊரில் புல்தரைக்கென்று மாதம் குறித்த தடை எதுவும் இல்லை. உரத்தின் தரம், விலை, விற்பனை ஆகியவற்றை 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை கவனிக்கிறது. ஓடையிலோ கிணற்றிலோ தெரிந்தே மாசு கலப்பதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. உங்கள் புல்லுக்கு எப்போது, எவ்வளவு என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

வாங்கும்போது மூட்டையில் உள்ள மூன்று எண்களைப் படியுங்கள். முதல் எண் தழைச்சத்து, நடு எண் மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து (பொட்டாசியம்), எல்லாம் சதவீதத்தில். நன்கு வேர்பிடித்துவிட்ட புல்லுக்கு மணிச்சத்து தேவைப்படுவது அரிது. ஆனால் நம் கடைகளில் 'புல்லுக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டால் கைக்கு வருவது 17:17:17 காம்ப்ளக்ஸ், இல்லாவிட்டால் 18:46:0 உள்ள டிஏபி. டிஏபியின் நடு எண்ணைப் பாருங்கள். நெல்லுக்கும் மஞ்சளுக்கும் போக வேண்டிய சத்தை வாசல் புல்லில் கொட்டி, மிச்சத்தைச் சாக்கடை வழியாக ஏரிக்கு அனுப்புகிறோம். முதலில் ஒரு பிடி மண்ணைச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் சென்று பரிசோதியுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

கேள்வி: உரக்கடையில் இரண்டு கிலோ சில்லறையாக வாங்கினாலும் ரசீது கேட்க வேண்டுமா?
– வாசகர், ஐந்து ரோடு

பதில்: கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியது அவர் கடமை.

கேள்வி: தோட்டம் அமைத்துக் கொடுத்தவர் 'வெளிநாட்டுப் புல் உரம்' என்று சொல்லி இரண்டு பைகள் கொடுத்து 3,600 ரூபாய் வாங்கினார். வெள்ளைப் பை, எதுவும் அச்சிடவில்லை. ஒரு பையைத் தூவினோம். பத்தே நாளில் புல் திட்டுத்திட்டாகக் கருகிவிட்டது. தண்ணீர் போதவில்லை, தவறு உங்களுடையது என்கிறார். என் கணவரின் ஓய்வூதியத்தில் ஆசையாகப் போட்ட தோட்டம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கன்னங்குறிச்சி

பதில்: அம்மா, தவறு உங்களுடையது அல்ல. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர் என்று நம்பிப் பணம் கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவர் விற்றுக் காசாக்கினார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு பொட்டலம் வாங்கினேன். பச்சை நிறத்தில் கல் உப்பைப் போலப் பளபளப்பான குருணை. கடைக்காரர் ஒரு பாலித்தீன் உறையில் கட்டிக் கொடுத்தார். சத்து எவ்வளவு, தயாரித்தவர் யார், எடை எவ்வளவு என்று எதுவும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. தூவிய மறுநாள் இரவு கனமழை. காலையில் பார்த்தால், எங்கள் வாசலிலிருந்து தெருக்கோடி வரை தேங்கியிருந்த தண்ணீர் இளம் பச்சையாக இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. புல்லும் பிழைக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். திறக்காத இரண்டாவது பையை அப்படியே வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி. கருகிய இடங்களைத் தேதியுடன் படம் எடுங்கள். பணம் கொடுத்ததற்கு வங்கிப் பதிவோ கைபேசிச் செய்தியோ இருந்தால் எடுத்து வையுங்கள். உர மூட்டையில் சத்தின் அளவு, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். உரம் விற்க அனுமதியும் வேண்டும். ஆகவே வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உர ஆய்வாளருக்கு மாதிரி எடுக்கும் அதிகாரம் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்தால் முடியும். எழுதத் தயங்கினால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். மனுவை எழுதித் தருகிறேன்.

கேள்வி: மூன்று சென்ட் புல்தரைக்கு ஐந்து கிலோ யூரியா போட்டேன். மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. இப்போது புல் மஞ்சளாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போடலாமா?
– வியாபாரி, சூரமங்கலம்

பதில்: வேண்டாம். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு தடவையில் சுமார் 450 கிராம் தழைச்சத்து என்பதே புல்தரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு. உங்கள் மூன்று சென்ட் ஏறக்குறைய 1,300 சதுர அடி. அதற்கு 600 கிராம் தழைச்சத்தே போதும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஐந்து கிலோவில் 2 கிலோ 300 கிராம் இருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு கொட்டியிருக்கிறீர்கள். கடையில் சரக்கு வாங்கும்போது எடை பார்க்காமல் இருப்பீர்களா? 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அரசின் மானியத்தால். அந்த மூட்டைக்காக விவசாயி பருவத்தில் வரிசையில் நிற்கிறார். விலை மலிவு என்பதற்காக அள்ளி வீசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பரவலாக, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தெருவுக்கு வழியும் அளவுக்கு வேண்டாம். இந்த ஆண்டு முழுவதும் உரக்கடைப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். சரிவில் புல்தரை, கீழே ஓடை, அது ஏரிக்குப் போகிறது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருபவர்கள் பச்சைப் புல்லை எதிர்பார்க்கிறார்கள். மழை வரும் நாள் பார்த்து யூரியா வீசினால் தானே இறங்கிவிடும் என்கிறார் தோட்டக்காரர். மெதுவாகக் கரையும் உரம் என்று ஒன்று விலை அதிகமாக விற்கிறார்கள். வாங்கலாமா?
– விடுதி உரிமையாளர், ஏற்காடு

பதில்: 'மழைக்கு முன் உரம்' என்ற இந்தப் பேச்சு எனக்குப் பல ஆண்டுக் கோபம். சமவெளியில் பாத்தி கட்டிய வயலில், இளந்தூறல் விழும் நாளில் அது பலிக்கலாம். வரப்பு தண்ணீரை நிறுத்தும். உங்கள் சரிவில் வரப்பு எங்கே இருக்கிறது? சேர்வராயன் மலையில் மழை தூறலாக நிற்பதில்லை. அரை மணி நேரத்தில் ஓடை செம்மண் நிறத்தில் புரளும். யூரியா தண்ணீரில் முழுவதும் கரைவது. அதன் மேலுள்ள வேப்பெண்ணெய் பூச்சு மண்ணுக்குள் போன சத்து வீணாவதைத்தான் தாமதப்படுத்தும். மேலே கிடக்கும் குருணையை மழை அடித்துச் செல்லும்போது அந்தப் பூச்சால் ஒன்றும் செய்ய முடியாது. மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஆனால் சரிவில் மண்ணே அரித்துப் போகும்போது அதுவும் கூடவே போகிறது.

போவது எங்கே? ஏற்காடு ஏரிக்கு. ஏரி நிறைந்தால் வழிவது கிளியூர் அருவிக்கு. உங்கள் விருந்தினர் படகில் போகும் தண்ணீரும், அருவியில் தலையை நீட்டும் தண்ணீரும் அதுதான். மலையின் இந்தப் பக்கம் இறங்கும் ஓடைகள் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வருகின்றன. 2010இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் அமைத்து, மரம் நட்டு உயிர்கொடுத்த ஏரி அது. அதன் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஆகாயத்தாமரையின் பசி என்ன என்று தெரியும். ஒரு பக்கம் வெட்டி எடுக்க எடுக்க மறு பக்கம் மூடும். அந்தப் பசிக்குத் தீனி போடுவது சாக்கடை மட்டுமல்ல. மேலேயிருந்து வரும் ஒவ்வொரு பிடி உரமும்தான். கரையேறி உழைத்தவர்கள் வேறு யாரோ, உரம் வீசியவர் வேறு யாரோ என்றால் இது எந்த ஊர் நியாயம்?

மெதுவாகக் கரையும் உரம் நல்லதுதான், வாங்கலாம். ஆனால் அந்தப் பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள். மொத்தத் தழைச்சத்தில் எத்தனை பங்கு மெதுவாகக் கரைவது என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த எண் இல்லாத உறைக்கு நான் ஒருமுறை மூன்று மடங்கு விலை கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கரைந்துபோனது, டம்ளரும் சில்லிட்டது. அது சாதாரண யூரியா.

ஓடையை ஒட்டிப் பத்து அடிக்கு எதுவும் போடாமல் புல்லை உயரமாக வளர விடுங்கள். மண்ணைப் பிடித்து நிறுத்தும். ஃபுளோரிடாவில் பல ஊர்களில் இதே பத்து அடியை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாளுக்குக் கனமழை இல்லை என்று தெரிந்த பிறகு, ஈர மண்ணில், அளந்து போட்டு, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நடைபாதையில் சிதறிய குருணையைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்லுக்குள் தள்ளுங்கள். குழாய்த் தண்ணீரால் கழுவிவிடாதீர்கள். தோட்டக்காரரிடம் கோபிக்க வேண்டாம். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஓடை ஏரிக்குப் போகிறது, அதனால் புல் கொஞ்சம் வெளிறியிருக்கும் என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள். மலைக்கு வருகிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: மாட்டு எருவும் கோழி எருவும் இயற்கைதானே? அவற்றுக்கு அளவு எதற்கு?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: ஏரிக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது. கோழி எருவில் மணிச்சத்து அதிகம். ஓடைக்கரையில் குவித்து வைத்தால் யூரியாவைப் போலவே அதுவும் கரைந்து ஓடும். மூடி வையுங்கள், மக்க விடுங்கள், அளந்து போடுங்கள்.

கேள்வி: அடிவாரத்தில் எங்கள் கிணறு. மேலே புதிய மனைப்பிரிவில் வீட்டுக்கு வீடு புல்தரை. ஓர் ஆண்டாகக் கிணற்று நீர் பச்சை பிடிக்கிறது. வீட்டில் நான்கு மாதக் குழந்தை, புட்டிப்பால்தான். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். சுத்திகரிப்புக் கருவி விற்பவர் வந்து சொட்டு மருந்து விட்டு நிறம் மாற்றிக் காட்டி, 28,000 ரூபாய் கேட்கிறார்.
– கூலித் தொழிலாளி, ஏற்காடு அடிவாரம்

பதில்: ஐயா, இன்றே குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலப்பதை நிறுத்துங்கள். உரத்தின் தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கும். அது இருக்குமானால் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வளியை (ஆக்சிஜனை) சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பக்கத்து வீட்டில் கேட்டாவது வாங்கிப் பயன்படுத்துங்கள்.

பணம் எதுவும் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்தில் நிறம் மாறுவது எந்தக் கிணற்று நீரிலும் நடக்கும். நம் சேலத்து உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக நடக்கும். அது நைட்ரேட்டைக் காட்டும் சோதனை அல்ல. சுத்தமான புட்டியில் நீர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். நைட்ரேட்டும் கிருமிச் சோதனையும் கேளுங்கள். கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு அருகில் இருந்தாலும் இதே கேடு வரும். எது காரணம் என்று தெரிய இரண்டும் வேண்டும். நைட்ரேட் அளவு மீறியிருந்தால் ஆர்ஓ கருவி குறைக்கும். புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவியால் முடியாது. விற்பவர் காட்டுவது எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் மனு கொடுங்கள். மேலே இருப்பவர்களிடமும் ஒரு நகலைக் காட்டுங்கள். தங்கள் புல்லுக்குக் கீழே ஒரு தொட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அறிக்கையை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: உரமே கேட்காத புல் ஏதாவது உண்டா? நர்சரியில் பெர்முடா என்று ஒன்றை நல்ல விலைக்கு விற்கிறார்கள்.
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: பெர்முடா என்பது நம் அருகம்புல்லின் இனம்தான். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல். வயல் வரப்பிலிருந்து ஒரு கூடை வேரோடு எடுத்து வந்து ஊன்றுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே உதிர விட்டால் அதுவே அதற்கு உரம்.