புள்ளிக்கு மட்டும் ஏன் சிவப்பு? ஒரு கொள்கை போஸ்டரைப் பற்றிய கேள்வி பதில்

புத்தகப் பக்க வடிவமைப்பு என் பிழைப்பு. வேலை மேசைக்கு மேலே மாட்டிக்கொள்ள, என் தொழிலுக்கு நானே எழுதிக்கொண்ட ஆறு விதிகளை வெறும் எழுத்தாலேயே ஒரு போஸ்டராகச் செய்தேன். படம் கிடையாது, கோடு கிடையாது. ஏ2 அளவு, கறுப்பு எழுத்து, மெய்யெழுத்துகளின் புள்ளி மட்டும் சிவப்பு. பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். போஸ்டரைப் பார்க்காதவர்களுக்காக அதில் உள்ள வரிகள் (சாய்கோடு இருக்கும் இடத்தில் போஸ்டரில் அடுத்த வரி தொடங்கும்):

முதலில் படி / பிறகு வடிவமை
இடைவெளியும் / எழுத்துதான்
புள்ளியைத் / தொலைக்காதே
அவசர வேலைக்கும் / எழுத்தை இழுக்காதே
இரவல் எழுத்துக்குப் / பெயர் சொல்
பிழை வந்தால் / அது உன் பிழை

ஆறு விதிதானா? கொள்கை என்றால் இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டாமா? (திருச்சி, கல்லூரி மாணவி)

முதலில் பத்தொன்பது எழுதினேன். சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று பார்த்தால் சினிமா போஸ்டரின் அடியில் வரும் பெயர்ப் பட்டியல் மாதிரி இருந்தது. எந்த விதியை நான் போன வருடம் ஒரு தடவையாவது மீறியிருக்கிறேனோ அதை மட்டும் வைத்துக்கொண்டேன். மீறவே மீறாத விதிக்குப் போஸ்டர் எதற்கு?

சரி, புள்ளி மட்டும் ஏன் சிவப்பு? (கோவை, லெட்டரிங் பழகுபவர்)

எல்லோரும் கேட்டது இதைத்தான். தமிழ் எழுத்தில் மிகச் சிறியது புள்ளி, ஆனால் அது போனால் சொல்லே போய்விடும். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்கிறது. ஆனாலும் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை வைக்காமல் விட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். இன்றைக்கு ஓலை இல்லை, ஆனால் சின்ன எழுத்தில் மோசமாக அச்சடித்த அழைப்பிதழ்களில் புள்ளி இன்னும் காணாமல்தான் போகிறது.

இந்தப் பன்னிரண்டு வரிகளில் 20 புள்ளிகள் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். அவற்றை மட்டும் சிவப்பாக்கினால், தூரத்தில் நிற்பவருக்கு முதலில் தெரிவது சிவப்புச் சிதறல், கிட்டே வந்தால் சொல். மூன்றாவது விதியைத் தனியாகப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை, போஸ்டர் முழுக்க அதுவே நடக்கிறது.

ஒரு பக்க விளைவும் உண்டு. முற்றுப்புள்ளிகளை எடுத்துவிட்டேன். மேலே சிவப்புப் புள்ளி, கீழே கறுப்புப் புள்ளி என்று இரண்டு இருந்தால் கண் குழம்புகிறது. வாக்கியம் முடிந்ததைச் சொல்ல, கூடுதலாக விட்ட 12 மில்லிமீட்டர் இடைவெளி போதுமாக இருந்தது.

ஒரு சொல்லின் புள்ளிக்கு மட்டும் நிறம் மாற்ற முடியவில்லையே, எப்படிச் செய்தீர்கள்? (அதே கோவை நண்பர்)

தட்டிய எழுத்தாக இருக்கும்வரை அது தொல்லைதான். பல ஃபான்ட்களில் 'க்' என்பது ஒரே உருவமாகவே இருக்கும். அவுட்லைனாக, அதாவது தட்டிய எழுத்தை வெறும் வரைந்த உருவமாக மாற்றிவிட்டு, ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பாதைகளைப் பிரித்து, புள்ளிகளை மட்டும் வேறு லேயருக்குக் கொண்டுபோனேன். மாற்றுவதற்கு முன்னால் பிழை திருத்தி முடித்துவிடுங்கள். அவுட்லைனில் எழுத்துப் பிழையைத் திருத்துவது காய்ந்த சிமென்ட்டில் ஆணி அடிப்பது போல.

வரி இடைவெளி ரொம்ப அதிகம் என்று எனக்குப் படுகிறது. (பெங்களூரு, டிசைனர்)

ஆங்கிலக் கண்ணுக்கு அப்படித்தான் படும். எழுத்து 78 பாயிண்ட். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தானாக வைக்கும் வரி இடைவெளி எழுத்தின் அளவில் 120 விழுக்காடு, அதாவது சுமார் 94 பாயிண்ட். முதலில் அப்படியே விட்டேன். 'அவசர வேலைக்கும்' என்பதில் உள்ள கு-வின் அடிப்பகுதி, கீழ்வரியில் 'இழுக்காதே' என்பதன் 'க்' புள்ளியில் போய் உட்கார்ந்துவிட்டது. படித்தால் 'இழுககாதே'. விதி சொல்கிற போஸ்டரிலேயே மூன்றாவது விதி உடைகிறது! 102 பாயிண்டுக்குப் போன பிறகுதான் இரண்டுக்கும் மூச்சு வந்தது.

ஆங்கிலத்தில் சில எழுத்துகள்தான் மேலும் கீழும் நீளும். தமிழில் ஒரே சொல்லில் மேலே 'கி'-யில் வரும் விசிறி, புள்ளி, கீழே உகரக் கால் எல்லாம் வரும். ஆங்கிலத்துக்கு வைத்த எண்ணைத் தமிழுக்கும் வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அந்தப் பட்டியலில் பத்து வருடத்துக்கு முந்தைய நானும் இருக்கிறேன்.

நடுவில் அடுக்காமல் இடது ஓரம் ஏன்? (மதுரை)

நடுவில் அடுக்கினால் கல்யாணப் பத்திரிகை. இரண்டு ஓரமும் நேராக இழுத்தால், தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை விழும். அவ்வளவுதான்.

முதல் வரைவில் பழைய 'லை' வைத்திருந்தீர்களாமே. ஏன் எடுத்தீர்கள்? எனக்கு அது பிடிக்கும். (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, எனக்கும் பிடிக்கும். யானைத் துதிக்கை மாதிரி முன்னால் சுருண்டு வரும் அந்த வடிவத்தைக் கையால் வரைந்து, 'தொலைக்காதே', 'வேலைக்கும்' இரண்டிலும் வைத்தேன். பெரியார் 1935 முதல் தன் குடி அரசு இதழில் புதிய வடிவங்களை அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978-இல் ஆணையிட்டு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளை மாற்றியது. நான் படித்ததெல்லாம் புதிய வடிவம்தான், பழையது அப்பாவின் பழைய புத்தகங்களில் பார்த்தது.

வரைந்ததை அக்கா மகளிடம் காட்டினேன். நான்காம் வகுப்பு. 'தொ' வரைக்கும் சரியாகப் படித்தாள். அப்புறம் நின்றாள். "மாமா, இது என்ன எழுத்து?" என்றாள். முதல் விதியே 'முதலில் படி'. அன்று இரவே மாற்றிவிட்டேன், மனசில்லாமல்தான். வரைந்த அந்த 'லை' தனித்தாளில் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

எந்த ஃபான்ட்? (யாழ்ப்பாணம்)

கட்டமரன், கனமான எடையில். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது, திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கனம் கூடினாலும் சுழிகள் அடைத்துக்கொள்ளாமல் இருந்தது, அதனால் எடுத்தேன். ஐந்தாவது விதிப்படி கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. பாமினி என்ற பழைய வகை ஃபான்டில் தட்டி வைத்த வரிகளைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் யூனிகோடுக்கு (எல்லா ஃபான்டுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபான்டை மாற்றியதும் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

ஃபோட்டோஷாப்பில் 'பெ' தட்டினால் கொம்பும் எழுத்தும் இடம் மாறுகிறது. (சேலம்)

பழைய பதிப்பு என்றால், அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைலில் தட்டிப் பாருங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்'. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இந்தத் தலைவலி இல்லை.

அச்சு எப்படி வந்தது? (சிவகாசி)

ஸ்கிரீன் பிரிண்டிங், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள். கறுப்பு ஒரு நாள், சிவப்பு மறுநாள். முதல் பதினைந்து தாளில் சிவப்பு அரை சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. தாளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தும் ஸ்டாப்பரில் முட்டாமல் வைத்திருக்கிறார்கள். 'எழுத்து' என்ற சொல்லில் புள்ளி இரண்டு த-வுக்கும் நடுவில் தொங்குகிறது, யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லை. "சார், லேசா நகர்ந்திருக்கு, டிசைன் மாதிரிதான் இருக்கு" என்றார் அச்சகக்காரர். புள்ளியைத் தனி நிறமாக்கியவன் நான், இந்த ஆபத்தை முன்பே சொல்லிவைக்காததும் நான். ஆறாவது விதி. பதினைந்து தாளுக்கும் காசு கொடுத்தேன்.

ஃபைல் தந்தால் வீட்டில் ஏ4 தாளில் எடுத்துக்கொள்ளலாமா? (பலர்)

தாராளமாக. ஏ4 என்பது ஏ2-வின் நீள அகலத்தில் சரிபாதி, அதனால் எதுவும் வெட்டுப்படாது. கறுப்பு வெள்ளை பிரின்டர் என்றால் சிவப்பு வெளிறிய சாம்பலாக வரும், புள்ளி மங்கிப்போகும். அதற்காக எல்லாம் கறுப்பாக இன்னொரு ஃபைலும் சேர்த்து வைக்கிறேன்.