ராமென் வண்டி: கரிக்குதா, சப்புன்னு இருக்கா?

சூப்பு வண்டி, கறி தோசைக் கடை, ஜிகர்தண்டா வண்டி என்று பழகிய மதுரை நாக்குக்கு இப்போது ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளையும், வண்டி போட்டிருக்கும் ஒருவரின் கேள்விகளையும் எங்கள் சமையல் குழு இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே வண்டியில் ஒரே நாளில் சாப்பிட்டோம். ஏழு மணிக்குப் போன இருவர் ‘சப்புன்னு இருக்கு’ என்கிறார்கள். பத்து மணிக்குப் போன மூவர் ‘ஒரே கரிப்பு’ என்கிறார்கள். யார் நாக்கில் கோளாறு?
— வாசகர், அண்ணா நகர்

நாக்கில் கோளாறு இல்லை, அண்டாவில்தான்.

முறையாகச் செய்யும் ராமெனில் சூப்பு அண்டாவுக்குள் உப்பே போட மாட்டார்கள். உப்பு முழுவதும் ‘தாரே’ என்ற தனிச் சாற்றில் இருக்கும். சோயா சாஸ், கல்லுப்பு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) என்று ஏதாவது ஒன்றை அடிப்படையாக வைத்து அதைக் காய்ச்சி வைப்பார்கள். கிண்ணத்தில் முதலில் 30 மி.லி. தாரே, அதோடு 15 மி.லி. வாசனை எண்ணெய், அதன் மேல் 300 மி.லி. கொதிக்கும் சூப்பு, கடைசியில் வெந்த நூடுல்ஸ். இதுதான் வரிசை. கடைக்குக் கடை அளவு சற்று மாறும்.

உங்கள் வண்டிக்காரர் சால்னாவுக்குப் போடுவதுபோல் அண்டாவிலேயே உப்பைக் கலந்திருக்க வேண்டும். 20 லிட்டர் சூப்பில் 240 கிராம் உப்பு என்றால் 1.2 சதவீதம். மூன்று மணி நேரக் கொதியில் 4 லிட்டர் ஆவியாகிப் போனால் அதே உப்பு 1.5 சதவீதமாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஏழு மணிக்குச் சப்பு, பத்து மணிக்குக் கரிப்பு என்பதன் கணக்கு இவ்வளவுதான். தாரே தனியாக இருந்தால் சூப்பு சுண்டும்போது வெந்நீர் விட்டு அளவைச் சரிக்கட்டலாம், கிண்ணத்துக்குப் போகும் உப்பு மாறாது.

ஒரே நேரத்தில் சாப்பிட்டவர்களே இப்படி மாற்றிச் சொன்னால் காரணம் வேறு. நூடுல்ஸைப் போட்ட பிறகு மேலே தாரேயை ஊற்றினால் அது கனத்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல் சூப்பைக் குடித்தவர் சப்பு என்பார், அடிக்கிண்ணம் வரை போனவர் கரிப்பு என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். அடுத்த முறை நூடுல்ஸை அடியிலிருந்து ஒருமுறை தூக்கிப் பிரட்டிவிட்டுச் சுவைத்துப் பாருங்கள்.

நூடுல்ஸ் பாதி சாப்பிடுவதற்குள் குழைந்து களியாகிவிடுகிறது. ஃபாஸ்ட் புட் வண்டி நூடுல்ஸ் அப்படி ஆவதில்லையே?
— வாசகி, திருப்பரங்குன்றம்

நல்ல கேள்வி. பதிலும் அந்த ஃபாஸ்ட் புட் வண்டியில்தான் இருக்கிறது. அங்கே மத்தியானமே நூடுல்ஸை வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவிக் கூடையில் கொட்டி வைக்கிறார்கள். பெரிய தீயில் வறுப்பதற்கு அது சரியான முறை. மேல்பக்கம் காய்ந்திருந்தால்தான் சட்டியில் ஒட்டாது. அதே பழக்கத்தை ராமெனுக்குக் கொண்டுவந்தால் இரண்டு விதத்தில் கெடும். மத்தியானமே முழுசாக வெந்து ஊறிய நூடுல்ஸ் சூடான சூப்பில் விழுந்ததும் இன்னொரு சுற்று வெந்துவிடும். மேலே பூசிய எண்ணெய் சூப்பை ஒட்டவிடாது. அதனால் நூடுல்ஸ் தனி, சூப்பு தனி என்று தோன்றும்.

ராமென் நூடுல்ஸை ஆர்டர் வந்த பிறகுதான் கொதிநீரில் போட வேண்டும். மெல்லிய பச்சை நூடுல்ஸுக்கு ஒரு நிமிடம், தடித்ததற்கு இரண்டரை, மூன்று நிமிடம். 130 கிராமுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டும். சின்னச் சட்டியில் நான்கு பேருடையதை ஒன்றாகத் தள்ளினால் கொதி அடங்கி, மேல்பக்கம் கரைந்து, நடுவில் மாவு வேகாமல் நிற்கும். பத்துப் பதினைந்து கிண்ணத்துக்கு ஒருமுறை தண்ணீரையும் மாற்ற வேண்டும். வண்டியில் தண்ணீர் கேனைத் தூக்கி வருவது சிரமம் என்பதால் பலர் இதைத்தான் தவிர்க்கிறார்கள். கஞ்சித் தண்ணீரில் வெந்த நூடுல்ஸ் வழவழவென்றுதான் வரும்.

மாவிலும் விஷயம் உண்டு. ராமெனுக்கு நீளும் தன்மையையும் லேசான மஞ்சள் நிறத்தையும் தருவது ‘கன்சுய்’ என்ற காரக் கரைசல் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா வகைக் காரம்). சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. அது இல்லாமல் வெறும் மைதாவில் பிசைந்தால் சூப்பில் சீக்கிரம் நைந்துபோகும். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் சமையல் சோடாவை ஒரு தட்டில் பரப்பி, 130 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் அது சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். 100 கிராம் மைதாவுக்கு அதில் 1 கிராம், உப்பு 1 கிராம், தண்ணீர் 38 முதல் 40 மி.லி. போதும். மாவு உதிரியாகத்தான் இருக்கும், பயந்து தண்ணீர் சேர்க்காதீர்கள். வெறுங்கையால் அந்த மாறிய சோடாவைத் தொடவும் வேண்டாம், தோல் எரியும். மதுரைக்காரர்களுக்கு அப்பளக்காரம் நினைவுக்கு வரும். வேலை கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் அதன் கலவை கடைக்குக் கடை மாறுவதால் இந்த அளவு அதற்குப் பொருந்தாது.

எல்லாம் சரியாக இருந்தும் குழைகிறது என்றால், மன்னிக்கவும், பழி உங்கள் கைபேசியின் மேல். படம் எடுத்து முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடுகிறது. வைத்த ஏழு எட்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டிய பண்டம் இது. ரசத்தை உறிஞ்சுவதுபோல் சத்தம் போட்டு உறிஞ்சலாம். ஜப்பானில் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பலகையில் ‘ராமன் நூடுல்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. கொடுத்ததோ பாக்கெட் நூடுல்ஸ். இது ஏமாற்றா?
— வாசகர், திருமங்கலம்

எழுத்துப் பிழையை மன்னித்துவிடலாம். பாக்கெட்டும் ஒரு வகையில் ராமென் வம்சம்தான். 1958ல் மொமொஃபுக்கு ஆண்டோ ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் உடனடி நூடுல்ஸின் பெயரே ‘சிக்கன் ராமென்’. எண்ணெயில் பொரித்து உலர்த்திய நூடுல்ஸ் அது. இப்போது பல வண்டிகளில் கிடைப்பது கொரியாவின் ‘ராமியோன்’. அதுவும் பொரித்த பாக்கெட்டே. காரப் பொடியைக் கலந்து, மேலே முட்டையும் சீஸ் துண்டும் போட்டுத் தருவார்கள். ருசியாகவே இருக்கும். ஆனால் பல மணி நேரம் எலும்பு காய்ச்சிய சூப்பின் விலையை அதற்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆர்டர் செய்யும் முன் ‘சூப்பு எதில காய்ச்சினதுண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ராமென் வண்டி போட்டிருக்கிறேன். கோழி எலும்பு சூப்புதான். ‘கவுச்சி அடிக்குது’, ‘தண்ணியா இருக்கு’, ‘ஆறிப்போயிருக்கு’ என்று மூன்று குறை திரும்பத் திரும்ப வருகிறது.
— வண்டிக்காரர் ஒருவர்

மூன்றுக்கும் மூன்று தனிக் காரணம். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கவுச்சி: முதுகெலும்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும் ஈரலும் நுரையீரல் துணுக்கும் உறைந்த ரத்தமும்தான் வாடைக்குக் காரணம். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரை முழுசாகக் கொட்டிவிடுங்கள். பிறகு குழாயடியில் விரலால் இடுக்கு இடுக்காகக் கழுவி, புதுத் தண்ணீரில் ஏற்றுங்கள். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளைக் கடைசி முக்கால் மணி நேரத்தில் போட்டால் போதும். காலையிலேயே போட்டால் மணம் எல்லாம் ஆவியோடு போய்விடும். கவுச்சியை அடக்க மிளகும் சீரகமும் அள்ளிப் போட்டால் நம்மூர் சூப்பு வண்டிச் சூப்பு கிடைக்கும். அருமையான சூப்புதான், ராமென் ஆகாது.

தண்ணியாக இருப்பது: கெட்டியான வெள்ளைச் சூப்புக்குச் சிம்மில் வைத்தால் ஆகாது. நன்றாகத் தளதளவென்று ஐந்தாறு மணி நேரம் கொதித்தால்தான் கொழுப்பும் எலும்பிலிருந்து இறங்கும் பசையும் தண்ணீரோடு அடித்துக் கலந்து பால்போல் வரும். இரண்டு கிலோ எலும்புக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதில் அரை கிலோ கோழிக்கால் கட்டாயம். ஆட்டுக்கால் பாயாவில் விரல் ஒட்டுகிறதே, அதே பசைதான் கோழிக்காலிலும் இருக்கிறது. சோளமாவு கரைத்து ஊற்றும் குறுக்குவழி வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜச் சூப்பு குளிரூட்டும் பெட்டியில் வைத்தால் அல்வாத் துண்டுபோல் உறையும், சூடு காட்டினால் மறுபடி நீர்க்க உருகும். சோளமாவுச் சூப்பு கூழாகவே கிடக்கும்.

ஆறிப்போவது: கிண்ணத்தைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் பிறகு தாரே ஊற்றுங்கள். நூடுல்ஸைத் தூக்கியதும் நாலு உதறு உதறித் தண்ணீரை வடியுங்கள். வடியாத தண்ணீர் சூட்டையும் உப்பையும் சேர்த்தே குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் முக்கியம். மிஞ்சிய சூப்பை அண்டாவோடு மூடிவைத்துவிட்டு மறுநாள் கொதிக்கவைப்பது ஆபத்து. சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. இளஞ்சூட்டில் இரவெல்லாம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். ஐந்து லிட்டர் பாத்திரங்களாகப் பிரித்து, ஐஸ் போட்ட தண்ணீரில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் ஏற்றுங்கள். மே மாதத்தில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர், ஐஸ் இல்லாமல் காரியம் ஆகாது. விற்கும் நேரத்தில் சூப்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது. பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை வண்டியில் கண்ணில் படும்படி ஒட்டுங்கள், வீட்டு உபயோக சிலிண்டரைக் கொண்டுவராதீர்கள்.

சைவ ராமென் என்று நம்பிச் சாப்பிடலாமா?
— வாசகி, தல்லாகுளம்

கேட்காமல் சாப்பிடாதீர்கள். காய்கறி மட்டும் மிதந்தால் சைவம் ஆகிவிடாது. ஜப்பானியச் சமையலில் ‘தாஷி’ என்ற அடிப்படைச் சாற்றுக்குப் பெரும்பாலும் கட்சுவோபுஷி போடுவார்கள். அது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்போல் உலர்த்திச் சீவியது. நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். கடையில் வாங்கும் தாஷிப் பொடியிலும், சில மிசோ டப்பாக்களிலும் அது இருக்கும். நூடுல்ஸில் முட்டை சேர்ப்பதும் உண்டு. கேட்க வேண்டியவை: சூப்பு, தாரே, எண்ணெய் மூன்றும் எதில் செய்தவை, நூடுல்ஸில் முட்டை உண்டா, வேகவைக்கும் கூடை தனியா.

கொம்பு என்ற கடற்பாசியும் காய்ந்த ஷீடாகே காளானும் லிட்டருக்குப் பத்துப் பத்து கிராம் போட்டு இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் நல்ல சைவச் சாறு இறங்கும். கொம்பைக் கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் வரும்.

முட்டையின் மஞ்சள் கரு கூழாக இருந்தது. வேகாத முட்டையா?
— வாசகர், மேலூர்

அப்படித்தான் செய்வார்கள். கொதிநீரில் ஆறு முதல் ஆறரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், பிறகு தண்ணீர் கலந்த சோயாவில் நாலைந்து மணி நேரம் ஊறல். ஹாஃப் பாயிலும் கலக்கியும் சாப்பிடும் ஊருக்கு இது புதிதில்லை. பார்க்க வேண்டியது ஊறும் டப்பா எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஐஸ் பெட்டிக்குள் இருந்தால் சரி, வெயில் பட்ட பலகையில் இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் முழுசாக வெந்த முட்டையே கேட்டு வாங்கட்டும்.

பார்சல் வாங்கலாமா?
— வாசகி, உசிலம்பட்டி

சூப்பும் நூடுல்ஸும் தனித்தனியாகத் தருவதானால் மட்டும், அதுவும் உங்கள் தூக்குச்சட்டியில். கொழுப்பு மிதக்கும் கொதிசூப்பைப் பாலித்தீன் பையில் கட்டி வாங்காதீர்கள். நூடுல்ஸை அரை நிமிடம் முன்னதாகவே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சூப்பை மறுபடி கொதிக்கவைத்து அதில் போடுங்கள். உசிலம்பட்டி வரை பஸ்ஸில் வரும் ராமெனுக்கு இதற்கு மேல் உத்தரவாதம் தர எங்களால் முடியாது.

இரத்த அழுத்தம் உண்டு. முழுக் கிண்ணம் சாப்பிடலாமா?
— வாசகர், கே.கே. நகர்

நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுச் சூப்பைப் பெரும்பகுதி விட்டுவிடுங்கள். 30 மி.லி. சோயாவில் மட்டும் ஏறக்குறைய 5 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே அதற்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாரேயைப் பாதியாக ஊற்றச் சொன்னால் தாரே தனியாக வைத்திருக்கும் வண்டிக்காரர் ஊற்றிவிடுவார். ‘அண்டாவுலயே கலந்தாச்சு சார்’ என்றால் வேறு வண்டி பாருங்கள்.

நம்மூர்க்காரர்கள் ‘காரம் இல்லை’ என்கிறார்கள். சூப்பில் மிளகாய்த்தூள் சேர்க்கலாமா?
— முன்பு கேட்ட அதே வண்டிக்காரர்

தாராளமாகக் காரம் கொடுங்கள். சப்போரோவில் மிசோ, ஹகாதாவில் பன்றி எலும்பு என்று ஜப்பானிலேயே ஊருக்கு ஒரு ராமென். ஹகாதா இருக்கும் ஃபுகுவோகாவில் இரவு வண்டிக்கடைகள் பெயர் போனவை. அங்கே நூடுல்ஸை மெல்லிசாக வைத்துக்கொள்வதால் சீக்கிரம் வெந்துவிடும். கிண்ணத்தில் சூப்பு மிஞ்சியிருந்தால் ‘கயெதாமா’ என்று சொல்லி நூடுல்ஸ் மட்டும் இன்னொரு பிடி வாங்கிக்கொள்ளலாம். பரோட்டாக் கடையில் இரண்டாம் முறை சால்னா கேட்கும் ஊரில் அது நிச்சயம் எடுபடும்.

ஆனால் மிளகாய்த்தூளை அண்டாவில் போடாதீர்கள். அடியில் தங்கிக் கருகும், குழந்தையோடு வருபவருக்கும் அதையே கொடுக்க வேண்டிவரும். 200 மி.லி. நல்லெண்ணெயை லேசாகப் புகையும்வரை காய்ச்சி இறக்கி, சூடு 120 டிகிரி அளவுக்கு இறங்கியதும், பொடித்த வரமிளகாய் 25 கிராம், நசுக்கிய பூண்டு நாலு பல் சேர்த்து மூடிவையுங்கள். ஒரு துணுக்கு மிளகாயைப் போட்டால் நுரைக்க வேண்டும், கறுக்கக் கூடாது. கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி, கேட்பவருக்கு இரண்டு.