இடைவேளையில் வந்த முகங்கள்

வணக்கம் சார்,

நாங்கள் நான்கைந்து நண்பர்கள், பிங்க் ஃபிளாய்ட் என்கிற ஆங்கில ராக் குழுவின் பைத்தியங்கள். போன மாதம் முழுக்க எங்களுக்குள் ஒரே சண்டை. அந்தக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2010 முதல் 2013 வரை ஊர் ஊராகக் கொண்டுபோன ‘தி வால்’ (சுவர்) கச்சேரியின் மேடையைப் பற்றித்தான். 1980இல் குழுவுக்காக ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃபும் மேடை வடிவமைப்பாளர் மார்க் ஃபிஷரும் சேர்ந்து செய்ததுதான் அசல், பின்னால் வந்தது வெறும் புரொஜெக்டர் வித்தை என்பது என் கட்சி. மேடையில் இவ்வளவு சாமானை ஏற்றினால் பாட்டை யார் கேட்பார்கள்? யூ2 குழு 2009இல் நான்கு கால் ராட்சத நண்டு மாதிரி மேடை ஒன்றைக் கட்டிக்கொண்டு அலைந்ததும் இதே வியாதிதான். எல்லாவற்றையும்விட எனக்கு ஒப்பாதது, போரில் செத்தவர்களின் படங்களைச் சுவரில் போட்டது. ரசிகர்களிடமே படம் கேட்டு வாங்கி, அவர்களையே அழவைத்து, அதற்கு டிக்கெட் காசும் வாங்கினால் அது எமோஷனல் பிளாக்மெயில் இல்லையா? வாட்டர்ஸின் அரசியல் சர்ச்சைகள் வேறு. யூடியூபில் கிடைப்பதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் லண்டனில் நேரில் பார்த்ததாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1980ஆ, 2010ஆ? எது சிறந்த மேடை?

க., மதுரை

*

அன்புள்ள தம்பி,

சாதாரணமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எந்த ஆல்பம் சிறந்தது, எந்தக் கச்சேரி சிறந்தது என்று பட்டியல் போடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை அனுப்பிய பார்சலும் வந்தது. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஆல்பம் அதற்குள் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து கதவைத் தட்டிவிட்டீர்கள்.

முதலில் சின்னச் சின்னதை முடித்துவிடுகிறேன். டிக்கெட் காசு: சரி, வாங்கினார்கள். இலவசமாகச் செய்திருந்தால் உங்களுக்கு இனித்திருக்குமா? அவருடைய அரசியல்: அதற்கு வேறு ஆட்களைப் பாருங்கள், என்னை விடுங்கள். யூ2வின் நண்டு: அது ஐம்பது மீட்டர் உயரம். மேடையை மைதானத்துக்குள் இறக்கிச் சுற்றிவர ஆட்களை உட்காரவைப்பதற்காகக் கட்டியது. பின்வரிசைக்காரனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆறு அங்குலத் திரையில் பார்த்துவிட்டு ‘வியாதி’ என்று எழுதுகிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் திரையில் அந்தச் சுவரின் ஒரு செங்கல் அரிசி மணி அளவுகூட வராது. எந்த நாற்காலியிலும் உட்காராமல் மேடைக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், தம்பி. கல்யாணச் சாப்பாட்டைப் படத்தில் பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்று சொல்கிறவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

‘அசல்’ என்கிறீர்கள். அசல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1977 ஜூலை 6, மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானம். முன்வரிசையில் கத்திக் கலாட்டா செய்த ஒரு ரசிகன் முகத்தில் வாட்டர்ஸ் துப்பினார். பிறகு தன்னை நினைத்தே வெட்கப்பட்டார். எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அதைக் கட்டியே காட்டிவிடுகிறேன் என்று கிளம்பியதுதான் மற்ற எல்லாமே. ஃபிஷர் கட்டடக் கலை படித்தவர். அட்டைப்பெட்டியில் செங்கல் செய்தார். பாட்டு நடக்க நடக்க ஆட்கள் பின்னால் லிஃப்டில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். முதல் பாதி முடியும்போது கடைசி ஓட்டையும் அடைபட்டுவிடும். குழு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். இரண்டாம் பாதி தொடங்கும்போது பாட்டு கேட்கிறது, ஒருவரையும் காணவில்லை. காசு கொடுத்து வந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்படி உட்காரவைத்தபிறகு சுவரின் உச்சியில் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் தனியாக வந்து நின்று அந்த கிட்டார் தனி ஆவர்த்தனத்தை வாசித்தால் ஏன் மயிர்க்கூச்செறியாது? மொத்தம் 31 இரவுகள்தான் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் பக்கத்தில் யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட், அவ்வளவுதான். செலவு தாங்கவில்லை. குழுவிலிருந்து தள்ளப்பட்டுச் சம்பளத்துக்கு வாசித்த கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் ஒருவர்தான் அதில் காசு பார்த்தார் என்று கதை. ஸ்கார்ஃபின் அந்த வாத்தியார் பொம்மை, கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு குனிந்து பார்க்குமே, அதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதே கண்ணோடு ஒருவர் இருந்தார். போகட்டும்.

ஆனால் தம்பி, அந்த 1980 சுவர் யாருடைய சுவர்? பணமும் புகழும் வந்தபிறகு தன் ரசிகர்களைச் சகிக்கமுடியாமல் போன ஒரு பாட்டுக்காரனின் சுவர். சோகம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. என்றாலும் அது ஒரு ஆளுடைய சோகம். அந்தச் செங்கற்கள் வெறும் வெள்ளை அட்டை. ஸ்கார்ஃபின் சித்திரங்கள் பெரிதாக அதன்மேல் ஓடின, பூ பூவைத் தின்றது, சுத்தியல்கள் நடந்தன. தனித்தனியாக ஒரு செங்கல்லுக்கு எந்த முகமும் கிடையாது.

2010இல் என்ன மாறியது? நீங்கள் ‘புரொஜெக்டர் வித்தை’ என்று தள்ளிவிட்ட அதுதான் மாறியது. ஒவ்வொரு செங்கல்லும் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். செங்கல் வைத்தவுடன் படம் சரியாக அந்தச் செங்கல் அளவுக்கு, விளிம்பு பிசகாமல் வந்து உட்காரும். அரங்குக்குள் கட்டிய சுவர் சுமார் 240 அடி அகலம், 35 அடி உயரம். அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு செங்கல்லுக்கு ஒரு ஆள் என்று காட்டலாம். காட்டலாம் என்று ஆனதும் வாட்டர்ஸ் ரசிகர்களைக் கேட்டார்: உங்கள் வீட்டில் போரில் போனவர்களின் படத்தை அனுப்புங்கள். எந்த நாட்டு ஆள், எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வி இல்லை.

இரண்டாவது பாட்டில் முதல் படம் வரும். அது அவருடைய அப்பா, எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஆன்சியோ சண்டையில் போனவர். அப்போது மகனுக்கு ஐந்து மாதம். அப்பாவுக்குக் கல்லறைகூடக் கிடையாது, கசினோ என்கிற இத்தாலிய ஊரில் உள்ள போர் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. எங்கே விழுந்தார் என்பதை இத்தாலியில் குடியிருந்த ஒரு பழைய சிப்பாய் தோண்டித் துருவிக் கண்டுபிடித்துச் சொன்னபோது மகனுக்கு எழுபது வயது ஆகியிருந்தது. எழுபது வருடம், தம்பி. அந்த இடத்தில் 2014இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

சரி, நான் பார்த்த இரவு. 2011 மே, லண்டன் ஓ2 அரங்கம். கில்மோர் விருந்தாளியாகச் சுவர் உச்சிக்கு வந்தது 12ஆம் தேதி. நான் போனது வேறு தேதி, என் அதிர்ஷ்டம் அப்படி. கூடவேலை செய்த நண்பர் ஒருவர் டிக்கெட் எடுத்திருந்தார். ஆக மேல் தட்டு, மூக்கில் ரத்தம் வரும் உயரம். பிங்க் ஃபிளாய்ட் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்காக வந்தவர். பொம்மை விமானம் ஒன்று தலைக்குமேல் வந்து சுவரில் மோதி வெடித்தபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் விமானச் சத்தத்துக்குப் பதுங்கு குழியில் ஒடுங்கிய ஊர்க்காரர்கள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெடியன் கைதட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை.

முதல் பாதி முடிந்தது. கடைசிச் செங்கல் ஏறியது. விளக்குகளைப் போட்டார்கள். மேடையில் பாட்டு இல்லை. சுவர் முழுக்க ஒவ்வொரு செங்கல்லாக முகங்கள் வரத் தொடங்கின. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. சீருடை போட்டவர்கள், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள், கிழவர்கள்.

இப்போது சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் சனம் எழுந்து நிற்கிறது. பாதிப்பேர் கழிவறை வரிசையில். மிச்சப்பேர் பியருக்கு. திரும்பி வருகிறவர்கள் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கோப்பையோடு, முழங்கால்களை இடித்துக்கொண்டு, ‘மன்னிக்கவும், மன்னிக்கவும்’ என்று வரிசைக்குள் நுழைகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்த முகங்கள். பார்க்கவேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அழவைக்கப் பின்னணி வயலின் கிடையாது. பிளாக்மெயில் செய்கிறவன் இடைவேளையிலா செய்வான்? விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, உச்ச ஸ்தாயியில் ஒரு பாட்டைப் போட்டுச் செய்வான். வாட்டர்ஸுக்கு அது தெரியாதா? உலகத்தில் அந்த வேலையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்களா? தெரிந்தும் அந்த முகங்களை மூத்திர இடைவேளையில் வைத்தார். செத்தவர்கள் நம் வாழ்க்கையில் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள் தம்பி. அடுப்பு எரியும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. திரும்பிப் பார்த்தால் இருப்பார்கள், பார்க்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ரசிகர்களை அழவைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரசிகர்கள்தான் அந்தச் செங்கல்லையே கொடுத்தார்கள். 1980இல் யாருக்கு எதிராகச் சுவர் எழும்பியதோ அவர்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்த படங்கள் அவை. ஃபிஷர் தான் வரைந்த சுவர் அப்படி நிறைவதைப் பார்த்துவிட்டு 2013இல் போனார் என்பதில் எனக்கு ஏதோ நிம்மதி.

நானும் ஒரு படம் அனுப்ப இருந்தேன். இதை இதுவரை எழுதியதில்லை.

என் அண்ணா 1990இல் காலையில் பஸ் ஏறிப் போனார். போய்ச் சேரவில்லை. அவருக்கு 22 வயது. இருக்கிற ஒரே நல்ல படம் ஓ லெவல் சோதனைக்கு ஸ்டூடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, பக்கவாட்டில் வகிடு, நெற்றியில் பவுடர் கூடிப்போய் முகத்தைவிட வெள்ளையாக இருக்கும். மூலையில் ஸ்டேப்லர் அடித்த இரண்டு ஓட்டை. அதன் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் இணைத்து, பெயரை எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். அடுத்ததற்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எந்தத் தேதியைப் போடுவது? பஸ் ஏறிய தேதியையா?

அம்மாவிடம் கேட்போம் என்று யாழ்ப்பாணத்துக்கு போன் செய்தேன். பெரிய கச்சேரி அம்மா, உலகம் முழுக்கச் சனம் பார்க்கும், அண்ணாவின் படத்தைச் சுவரில் போடலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அதிலை ஆரும் கண்டால் சொல்லுவினமோ?”

கடைத்தெருவில் ஒட்டுகிற காணவில்லை நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. போன் கார்டில் காசு முடியப்போகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். படம் போகவில்லை.

அனுப்பாத படத்தைத்தான் அன்றிரவு மேல் தட்டிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். புத்தியுள்ளவன் செய்கிற வேலையா? ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்ட முகம் எது வந்தாலும் கண் அங்கே போனது. அந்தச் சுவரில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். தேதி உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். நண்பர் இரண்டு கோப்பை பியரோடு திரும்பிவந்தார். சுவரைப் பார்த்தார். கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்கடை ஆக்கள் ஆரும் வந்தவையோ?” என்றார்.

“நான் காணேல்லை” என்றேன்.

விளக்கு அணைந்தது. பின்னால் வந்த இரண்டாம் பாதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் அவ்வளவாக ஒன்றும் இல்லை. காற்றடைத்த பன்றி பறந்தது, சுவர் விழுந்தது, சனம் ஆரவாரம் செய்தது.

1980ஆ, 2010ஆ என்று கேட்டீர்கள். 1980இல் எனக்கு ஒன்பது வயது. அண்ணா எனக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார்.

அன்புடன்.