லாரியில் போன புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. கோலாலம்பூர் செராஸில் இருக்கிறேன், கணக்காளர் வேலை. பதினைந்து வயதில் அப்பாவின் அலமாரியிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ எடுத்துப் படித்தேன். வந்தியத்தேவனைப் போல ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன். அப்பா தோட்டப் பள்ளி ஆசிரியர். பல மாதம் படுக்கையில் இருந்து போன மாதம் தவறிவிட்டார். தைப்பிங் வீட்டைக் காலி செய்தபோது அந்த ஐந்து பாகங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவை மூன்று பெட்டி, பெரும்பாலும் மலேசியப் புத்தகங்கள். அட்டை கிழிந்தவை, சிலவற்றில் எழுதியவரே அப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் அடுக்குமாடி வீட்டில் இடமில்லை, பழைய பேப்பர் லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பொன்னியின் செல்வனை எடுத்தால் முதல் பாகமே நகர மாட்டேன் என்கிறது. மாறியது நானா, புத்தகமே அவ்வளவுதானா? எந்த வயதில் எதைப் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? என் 14 வயது மகளுக்கும் உதவும்.

வாசகி, செராஸ்

அன்புத் தங்கைக்கு,

அப்பாவை இழந்த துக்கம் ஆறுவதற்குள் ஒரு நாவலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அந்த மனம் அவர் கொடுத்தது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பினாங்கில் என் நண்பர் ஒருவரும் அண்மையில் காலமானார். அவருடைய புத்தகங்களை என்ன செய்வது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

பட்டியல் தர மாட்டேன். மகளுக்குக் கை எட்டும் உயரத்தில் புத்தகங்களை வையுங்கள், எதை எடுக்கிறாளோ எடுக்கட்டும். பிடிவாதமாகக் கேட்டால் ஒன்று சொல்கிறேன்: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, 1972-இல் வந்தது. கடலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதியை மட்டும் முதலில் படிக்கக் கொடுங்கள். மீதியைப் பின்னால் அவளே தேடி வருவாள்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைத் தவிக்கவிடும் வேகம் அதற்கு உண்டு. பதினைந்து வயதில் அந்த வேகம் போதும். இப்போது வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடாதீர்கள். நடக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறாரே சுந்தர சோழர், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்தவர் நீங்கள். ஊமை மந்தாகினி, அவர்மேல் பாய வந்த வேலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் இடம்வரை பொறுமையாகப் படியுங்கள். அப்புறம் எழுதுங்கள், மாறியது யார் என்று.

சரி, அது இருக்கட்டும். என்னைச் சுட்டது அந்த லாரிதான்.

எந்தக் கடையிலும் கிடைக்கிற புத்தகத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, எங்கேயும் கிடைக்காத மூன்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. நம் நாட்டு நாவலுக்கு அந்த வாழ்வு உண்டா? எழுதியவர் கைக்காசு போட்டுச் சில நூறு பிரதி அச்சடிப்பார். ஏதாவது ஒரு மண்டபத்தில் வெளியீடு வைப்பார். மிச்சத்தைக் காரின் பின்னால் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பார். பெரும்பாலானவற்றுக்கு மறுபதிப்பே வந்ததில்லை. ஒரு வீட்டிலிருந்து ஒரு பிரதி போனால் போனதுதான். உங்கள் அப்பா ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை. அவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட புத்தகத்தைக் கிலோவுக்கு எடை போட உங்களுக்கு எப்படி அம்மா மனம் வந்தது? இடமில்லையாம். கட்டிலுக்கு அடியில் பழைய சூட்கேஸுக்கு இடம் இருக்கும், அப்பாவின் புத்தகத்துக்கு இருக்காது.

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன். என் அப்பா பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணனைக் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது. ‘பெரியப்பா சயாமுக்குப் போனவர்’, அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடி உதையிலும் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களைப் புதைத்த இடமே பலருக்குத் தெரியாது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நான் முதலில் படித்தது, வேலை, பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்த வயதில். வரலாற்றைத் தெரிந்துகொண்டு மூடி வைத்தேன். ஒருநாள் அப்பா அதை அலமாரியிலிருந்து எடுத்தார். மூக்குக் கண்ணாடி போதாமல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் படித்தார். முடித்த இரவு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் போன அன்று பாட்டி அவித்துக் கட்டிக்கொடுத்த மரவள்ளிக்கிழங்கு, அது சூடு ஆறுவதற்குள் லாரி கிளம்பியது, தான் பின்னாலேயே ஓடியது எல்லாம் சொன்னார். பெரியப்பாவின் பெயரை அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். எத்தனையோ நல்ல புத்தகங்கள் படித்தவர்தான். அவரைப் பேச வைத்தது நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய இந்த நாவல். இப்போது எனக்கு அவர் வயது. மறுபடி படித்தபோது என் மனம் பாதி நேரம் கதையில் இல்லை. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காத்திருந்த பாட்டியிடம் போய்விட்டது.

அந்தப் பிரதி வீட்டில் இல்லாதிருந்தால் அப்பா எதை எடுத்திருப்பார்? உங்கள் 44 வயதுக்கான புத்தகம் அந்த மூன்று பெட்டியில் இருந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

லாரிக்காரரின் எண் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். புத்தகங்களைத் தனியே பிரித்துப் பழைய புத்தகக் கடையில் போடுகிறவர்களும் உண்டு. இங்கே சௌராஸ்தா சந்தை மாடியில், முன்பின் தெரியாதவர்களின் பெயர் எழுதிய தமிழ்ப் புத்தகங்களை நான் வாங்கியிருக்கிறேன். கிடைக்கவில்லையா, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிகளில் இருந்தவற்றில் நினைவுக்கு வரும் பெயர்களை எல்லாம் எழுதுங்கள். பெயர் மறந்திருந்தால் அட்டையின் நிறத்தையாவது எழுதுங்கள். அப்பாவோடு வேலை செய்த ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நண்பரின் புத்தகங்கள் இந்த வாரம் என் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் பட்டியல் வந்ததும் அவற்றிலும் தேடுகிறேன். இரட்டைப் பிரதி இருந்தால் போஸ் லாஜு விரைவு அஞ்சலில் செராஸுக்கு அனுப்பி வைக்கிறேன்.