லண்டன் கியோட்டோ தோட்டம்: எப்போது போவது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் லண்டன் போகிறோம். ஹாலந்து பூங்காவிலுள்ள ஜப்பானியத் தோட்டத்தை 20 நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அவ்வளவுதானா? முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார்.

பதில்: அவசியம் போங்கள், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கியோட்டோ வர்த்தக சபையின் அன்பளிப்பாக 1991-இல் திறக்கப்பட்ட தோட்டம் இது. கட்டணம் கிடையாது. இடம் சிறியதுதான். அதனால் பலர் அருவி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இது நடந்தபடியே பார்ப்பதற்காக அமைத்த தோட்டம். குளத்தைச் சுற்றும் பாதை வளையும் இடத்தில் ஒரு மரமோ பாறையோ எதிரே இருப்பதை மறைக்கும். நாலடி நகர்ந்தால் அதே அருவி வேறொரு கோணத்தில் தெரியும். தெரிந்தும் தெரியாமலும் வைக்கும் இந்த உத்திக்கு ஜப்பானியர் 'மியெகாகுரே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை வலமாகச் சுற்றினால், மறுமுறை இடமாகச் சுற்றுங்கள். இரண்டும் ஒரே தோட்டமா என்று தோன்றும்.

மேப்பிள் சிவக்கும் பருவத்தில் போகிறீர்கள், நல்ல தேர்வு. இலை உங்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். வெளிச்சம் ஊடுருவி, இலை நரம்புகூடத் தனியாகத் தெரியும். கோய் மீன்களைப் பார்க்க, வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் தண்ணீர் பளபளக்குமே தவிர மீன் தெரியாது. குளத்தில் காசு போடாதீர்கள். பென்னிக் காசின் மேல்பூச்சு செம்பு. அது நீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சு.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பின் நாலரை மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். பூங்காவையும் இருட்டுவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். காலை 7.30-க்குத் திறக்கும். வார நாளில் 9 மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது.

அருவி முன்னாலுள்ள கல்பாலத்துக்குக் கைப்பிடி இல்லை, அகலமும் குறைவு. இருபுறமும் ஆள் வரும்போது ஒதுங்க இடமிருக்காது, ஈரக்கல் வழுக்கும். அம்மா அதைத் தவிர்த்துவிட்டுக் கரையோர பெஞ்சில் உட்காரட்டும். அருவி அங்கிருந்தே தெரியும்.

ஹாலந்து பார்க் சுரங்க ரயில் நிலையத்தில் படியேற வேண்டியிருக்கும். கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் வழியாகப் போகும் 9-ஆம் எண் பேருந்தில் ஏறி, டிசைன் மியூசியம் அருகே இறங்குங்கள். அங்கிருந்து பூங்காவுக்குள் சற்று ஏற்றம் உண்டு. நிதானமாக நடக்கக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.